பழைய டிரைலர் லாரி வாங்கும்முன்: இன்ஜின் காட்டும் குறியும் அதன் காரணமும்

நாமக்கல், சங்ககிரி பக்கம் பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் டயரையும் பெயிண்டையும் பார்த்துவிட்டு விலை பேச உட்கார்ந்துவிடுகிறார்கள். டயர் மாற்றிக்கொள்ளலாம், பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம். இன்ஜினைத் தவறாகக் கணித்தால் வண்டி பட்டறையில் நிற்கும், தவணை மட்டும் ஓடும். அதனால் ஒவ்வொரு குறிக்கும் என்ன காரணம், அதை எப்படி உறுதி செய்வது, எதற்கு விலையைக் குறைக்கலாம், எதற்குத் திரும்பி வந்துவிட வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நான் சொல்வது சென்சார் இல்லாத பழைய டீசல் இன்ஜின் உள்ள வண்டிகளுக்கு. டாடாவில் வந்த கம்மின்ஸ் 6பி.டி., லேலண்டில் வந்த ஹினோ வகை போன்றவை. மைக்கோ பம்ப் (நாசிலுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப்) உள்ள வண்டி என்றால் எல்லோருக்கும் புரியும். அந்தக் கம்பெனி 2008-ல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டாலும் பம்ப் கடையில் இன்னும் மைக்கோதான். பி.எஸ்.3 (பாரத் ஸ்டேஜ் 3 என்ற பழைய புகை விதி) வண்டிகளின் விற்பனை உச்ச நீதிமன்ற உத்தரவால் 2017 ஏப்ரல் 1-ல் நின்றது. ஆகவே இந்த வகையில் கிடைக்கும் கடைசி வண்டிகளே இன்று நன்றாக உழைத்துத் தீர்ந்தவைதான். டிரைலர் இழுக்கும் முன்வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். அதன் வாழ்நாளே பாரத்தில் போனது.

வண்டிக்கு எப்போது போவது

விடியற்காலையில். முந்தின நாள் மாலையே போன் செய்து, "நான் வரும்வரை சாவி போடாதீங்கண்ணே" என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் கையை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள், பிறகு தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் யாரோ முன்பே ஓட்டிச் சூடேற்றிவிட்டார்கள். சண்டை வேண்டாம், டீ குடித்துவிட்டு மறுநாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.

என் முதல் வண்டியை மதியம் 12 மணிக்குப் பார்த்தேன். அரை சாவியில் ஸ்டார்ட் ஆனது, புகையே இல்லை, அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தேன். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில் கிளீனர் பையன் பேட்டரி தீரும்வரை சுற்றிப் பார்த்தும் பிடிக்கவில்லை. இரவு முழுக்க ஆறிய இன்ஜினிடம்தான் உண்மை இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

ஸ்டார்ட் செய்யும்முன் செய்ய ஐந்து நிமிட வேலை ஒன்று உண்டு. ஆயில் சம்ப்பின் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) டிரெயின் பிளக்கை, கழற்றாமல், இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்துங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் தண்ணீர் இருந்தால் அது கனமானது என்பதால் அடியில் இறங்கியிருக்கும். முதலில் சொட்டுவது தண்ணீரா, ஆயிலா என்று விரலில் வாங்கிப் பாருங்கள். ஆயில் மட்டும் வந்தால் உடனே இறுக்கிவிடலாம். இதைச் செய்ய விடமாட்டேன் என்று ஓனர் பிடிவாதம் பிடித்தால் அதுவும் ஒரு குறிதான்.

குறி: சுற்றுகிறது, பிடிக்க நேரமாகிறது

மெதுவாகச் சுற்றினால் பேட்டரி, எர்த் கேபிள், செல்ஃப் மோட்டார். இதற்கெல்லாம் வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை.

வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால், சைலன்சர் முனைக்கு ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். புகையே வரவில்லை என்றால் டீசல் இன்ஜினுக்குள் போகவில்லை. வெள்ளைப் புகை வருகிறது என்றால் டீசல் போகிறது, எரியவில்லை. இந்த ஒரு வித்தியாசம் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

புகை இல்லாத வண்டியில் முதல் சந்தேகம் ஏர் லாக். டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் மேல் இருக்கும் ஹேண்ட் பிரைமரைத் (கைப் பம்ப்) திருகிக் கழற்றி அடித்துப் பாருங்கள். நாலைந்து அடியில் கை கெட்டியாகிவிட்டால் லைனில் டீசல் நிற்கிறது. இருபது முப்பது அடி அடித்தும் தொளதொளவென்று இருந்தால் இரவில் டீசல் டேங்குக்கே திரும்பிவிட்டது. எங்கோ காற்று வாங்குகிறது. டீசல் பைப்பை இணைக்கும் பான்ஜோ போல்ட்டின் செம்பு வாஷர், ஃபில்டர் கிண்ணத்தின் ரப்பர், டேங்கிலிருந்து வரும் ஹோஸின் வெடிப்பு என்று வரிசையாகத் தேடினால் அகப்படும். எல்லாம் சில்லறைச் செலவு. ஸ்டாப் கேபிள் முழுதாகத் திரும்பாமல் பாதியில் சிக்கியிருந்தாலும் இதே குறிதான் காட்டும்.

வெள்ளைப் புகை அடித்துக்கொண்டே திணறினால் விஷயம் கொஞ்சம் பெரிது. நாசில் சரியாகத் தூவாமல் ஒழுகலாம், பம்ப் டைமிங் பின்தங்கியிருக்கலாம், கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம். முதல் இரண்டும் பம்ப் கடையில் முடியும். மூன்றாவது இன்ஜின் வேலை. மார்கழிக் குளிரில் ஒரு நிமிடம் வெள்ளையாக ஊதிவிட்டுத் தெளிந்தால் கவலை வேண்டாம். சூடேறிய பிறகும் கண் எரிய எரிய ஊதினால் கவலைப்படுங்கள்.

ஏர் கிளீனர் வாயில் பெட்ரோல் துணியைக் காட்டி ஸ்டார்ட் செய்து பழக்கிய வண்டி என்று தெரிந்தால் நான் வாங்க மாட்டேன். அந்தப் பழக்கம் கம்ப்ரஷன் போனதை மறைக்கத்தான் வரும். போதாக்குறைக்கு, பிஸ்டனையும் ரிங்கையும் உடைக்கக்கூடியது.

குறி: கறுப்புப் புகை

பார்ப்பவரைப் பயமுறுத்துவது இதுதான். எனக்கு இதில்தான் பயம் குறைவு. காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம், இரண்டில் ஒன்று. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலர் போகும் ஹோஸ்களின் கிளாம்ப் ஓரத்தில் ஆயில் கலந்த கறை இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே காற்று கசிகிறது என்று அர்த்தம். ரேஸ் கொடுக்கும்போது "உஸ்" என்ற சத்தமும் காட்டிக்கொடுக்கும்.

அதன் பிறகு பம்பில் உள்ள ஈய சீலைப் பாருங்கள். சீல் அறுந்திருந்தால், இழுவைக்காக டீசலைக் கூட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கலாம். அதிக டீசல் எக்ஸாஸ்ட் சூட்டை ஏற்றும். பாரத்தில் தொடர்ந்து ஓடினால் பிஸ்டன் தலையும் டர்போவும் அடிவாங்கும். அதனால் சீல் அறுந்த வண்டியில் பிரீதரை (இன்ஜினுக்குள் சேரும் கேஸ் வெளியேறும் குழாய்) இரண்டு முறை பார்ப்பேன்.

குறி: நீலப் புகை, பிரீதரில் மூச்சு

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். பணம் இங்கேதான் போகிறது.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஊதிவிட்டு நின்றால் வால்வு சீல், கைடு. ஐடிலில் கொஞ்ச நேரம் விட்டு ரேஸ் கொடுக்கும்போது ஒரு மேகம்போல் வந்தால் டர்போ சீலையும் சந்தேகப்படலாம். டர்போவின் முன் ஹோஸைக் கழற்றி, தண்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கும், அது ஆயில் நிற்கும் இடைவெளி. முன்னும் பின்னுமாக ஆடினாலோ, சக்கரம் ஹவுசிங்கில் உரசிய தடம் இருந்தாலோ டர்போ முடிந்தது. எப்போதும், எந்த வேகத்திலும் நீலமாகவே ஊதினால் பிஸ்டன் ரிங்கோ போரோ (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்திருக்கிறது.

அதை உறுதி செய்ய பிரீதர். இன்ஜினை நன்றாகச் சூடேற்றி ஐடிலில் விடுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, திருப்பிக் கவிழ்த்து, திருகாமல் அந்த வாயின் மேலேயே வையுங்கள். நல்ல இன்ஜினில் மூடி மெல்ல நடுங்கும், அவ்வளவுதான். தேய்ந்த இன்ஜினில் தாளம் போடும், இன்னும் மோசமானால் தூக்கி எறியும். பிஸ்டனைத் தாண்டி கேஸ் கீழே இறங்குகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த மெஷினும் காட்டாது.

பிரீதர் குழாய் எங்கே முடிகிறது என்று கையால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். நான் சொன்ன அந்த முதல் வண்டியில் பிரீதருக்குப் புது ரப்பர் ஹோஸ் மாட்டி, சேஸ் ஓரமாகவே இரண்டடிக்கு மேல் பின்னால் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். முன்னால் நின்று பார்த்த எனக்கு ஒரு துளிப் புகை தெரியவில்லை. வண்டி முழுக்கப் பழசு, அந்த ஒரு ஹோஸ் மட்டும் புதுசு. அன்றைக்கு அது கண்ணில் பட்டது, புத்தியில் படவில்லை.

ஆனால் தீர்ப்புச் சொல்வதற்கு முன் ஏர் டேங்கின் அடி வால்வைத் திறந்துவிடுங்கள். காற்றோடு கறுப்பு ஆயில் பீய்ச்சினால் ஏர் கம்ப்ரசரின் ரிங் தேய்ந்திருக்கிறது. கம்ப்ரசரிலிருந்து இறங்கும் காற்றும் இன்ஜின் சம்ப்புக்குத்தான் போகிறது, அதுவும் பிரீதரில் மூச்சாக வரும். கம்ப்ரசர் வேலை ஒரு நாள் வேலை. இதைத் தெரிந்துகொள்ளாமல் நல்ல இன்ஜினை வேண்டாம் என்று விட்டவர்களும் உண்டு, பிரித்துப் போட்டவர்களும் உண்டு.

போர் தேய்ந்தது உறுதி என்றால், அடுத்த கேள்வி எந்த இன்ஜின் என்பது. கம்மின்ஸ் 6பி.டி.யில் லைனர் (சிலிண்டருக்குள் மாற்றக்கூடிய உறை) கிடையாது, பிளாக்கிலேயே போர். தேய்ந்தால் லேத்தில் கொடுத்து அரை மில்லி, அதன்பின் ஒரு மில்லி என்று பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். அதையும் தாண்டிவிட்டால் ஸ்லீவ் இறக்க வேண்டும். ஆகவே "இன்ஜின் வேலை பார்த்த வண்டி" என்று பெருமையாகச் சொன்னால், லேத் பில்லைக் கேளுங்கள். ஸ்டாண்டர்ட் போரில் இருக்கும் தேய்ந்த இன்ஜின், ஒரு மில்லி ஏறிய நல்ல இன்ஜினைவிட எனக்கு மேல். முன்னதற்கு இன்னும் இரண்டு ஆயுள் மீதி இருக்கிறது.

குறி: ரேடியேட்டரில் ஆயில், ஆயிலில் தண்ணீர்

இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து "ஹெட் கேஸ்கெட்" என்று சொல்லிவிடுவார்கள். பிரித்துப் பார்க்க வேண்டும்.

ரேடியேட்டரில் மட்டும் ஆயில் மிதக்கிறது, ஆயில் சுத்தமாக இருக்கிறது என்றால் முதலில் ஆயில் கூலரைச் சந்தேகப்படுங்கள். ஓடும்போது ஆயிலின் அழுத்தம் தண்ணீரின் அழுத்தத்தைவிட அதிகம், அதனால் ஆயில் தண்ணீருக்குள் தள்ளப்படுகிறது. கூலர் மாற்றி, ரேடியேட்டரைக் கழுவினால் தீரும்.

ஆயில் மோர் கலந்த டீ நிறத்தில் இருந்தால், அல்லது டிரெயின் பிளக்கில் தண்ணீர் சொட்டினால், கேஸ்கெட், ஹெட் வெடிப்பு, லைனர் உள்ள இன்ஜின் என்றால் லைனரில் ஓட்டை என்று பட்டியல் நீளும். ரேடியேட்டர் மூடியைக் குளிராக இருக்கும்போதே திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி கிளம்பினால், அல்லது மூடி போட்டு இரண்டே நிமிடத்தில் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால், எரியும் கேஸ் தண்ணீருக்குள் வருகிறது. சூடான வண்டியில் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். முகம் வெந்துபோகும்.

உள்ளே விரலை விட்டுத் தடவுங்கள். கூலன்ட் ஊற்றாமல் போர்வெல் உப்புத் தண்ணீரிலேயே ஓட்டிய வண்டி என்றால் குழாய்களில் வெள்ளையாகப் பொருக்கு படிந்திருக்கும். வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் உள்ளே வளர்த்த விதம் அதுதான். தண்ணீர் தொடும் லைனர் உள்ள இன்ஜின்களில், கூலன்ட் இல்லாத வெறும் தண்ணீரின் குமிழிகள் லைனரின் வெளிப்பக்கத்தை ஊசி குத்தினாற்போல அரித்து ஓட்டையே போட்டுவிடும்.

ஆயில் அளவு கோட்டுக்கு மேலே ஏறி, கையில் தொட்டால் தண்ணியாக, டீசல் வாசனையோடு இருந்தால் ஃபீட் பம்பின் டயாஃப்ரமோ பம்ப் சீலோ போயிருக்கும். அந்த ஆயிலில் வண்டியை ஓட்டிப் பார்க்காதீர்கள், பேரிங் போய்விடும்.

குறி: மிஸ்ஸிங்

ஐடிலில் ஒரு சிலிண்டர் விட்டு அடிப்பதுபோல் இருந்தால், இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் இன்ஜின் தள்ளாடும். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். அந்த நாசிலைப் பக்கத்து நாசிலோடு மாற்றிப் போடுங்கள். குறையும் கூடவே நகர்ந்தால் நாசில் கோளாறு. அங்கேயே நின்றால் வால்வு அல்லது கம்ப்ரஷன். தெறிக்கும் டீசல் தோலைத் துளைக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு துணியைப் பிடித்துச் செய்யுங்கள். காமன் ரயில் வண்டியில் (சென்சார் உள்ள புது வகை டீசல்) இந்தச் சோதனையை ஒருபோதும் செய்யக்கூடாது, அங்கே அழுத்தம் பல மடங்கு.

குறி: தட்டும் சத்தம்

மேலிருந்து வரும் சன்னமான "டிக் டிக்" டேப்பெட். 6பி.டி.யில் வால்வு இடைவெளியை இன்டேக் 0.25 மில்லி, எக்ஸாஸ்ட் 0.50 மில்லி, இன்ஜின் குளிராக இருக்கும்போது வைக்க வேண்டும். அடியிலிருந்து கனமாக, பாரம் ஏறும்போது கூடும் "டொம் டொம்" பேரிங். ஆயில் பிரஷர் கேஜைப் பாருங்கள். நன்றாகச் சூடான 6பி.டி. ஐடிலில் குறைந்தது 10 பவுண்ட், முழு வேகத்தில் 30 பவுண்ட் காட்ட வேண்டும். கேஜை நம்பாமல் தனி கேஜ் மாட்டிப் பார்க்கும் மெக்கானிக் கிடைத்தால் அவரைக் கையோடு அழைத்துப் போங்கள்.

இந்த பி வரிசை இன்ஜினில் இன்னொன்றும் உண்டு. முன்பக்க கியர் ஹவுசிங்கைப் பொருத்தும் சிறிய டவல் பின் (இடம் பிசகாமல் பிடிக்கும் முளை) காலப்போக்கில் தளர்ந்து, கியருக்குள் விழுந்து, மொத்த இன்ஜினையும் சாய்க்கக்கூடியது. முன் கவரைத் திறந்து அந்த டவல் பின்னுக்குத் தட்டு வைத்து அடைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். வாங்கிய பிறகு முன் ஆயில் சீல் மாற்றும்போது சேர்த்துச் செய்துவிடலாம்.

குறி: இழுவை இல்லை, ஹீட் ஆகிறது

காலி வண்டியை ஊருக்குள் ஓட்டி இதைத் தெரிந்துகொள்ள முடியாது. பாரத்தோடு, சேலத்திலிருந்து தருமபுரிப் பக்கம் தொப்பூர் ஏற்றம் ஏற்றிப் பாருங்கள். புகை இல்லாமல் சோர்ந்தால் டீசல் வரத்துக் குறைவு, முதலில் ஃபில்டர். கறுப்பாக ஊதிச் சோர்ந்தால் காற்று. இன்ஜின் சுற்று ஏறி வண்டி ஏறாவிட்டால் கிளட்ச். ஏறி முடித்ததும் ஓரமாக நிறுத்தி வீல் டிரம்மை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் கை வைத்துப் பாருங்கள். ஏற்றத்தில் பிரேக்கே போடாத வண்டியில் ஒரு டிரம் மட்டும் கொதித்தால் அந்தப் பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது. இன்ஜின் மீது பழி விழுவதில் பாதி இப்படித்தான்.

ஏறும்போது மட்டும் ஹீட் ஆனால் ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன் பெல்ட். நின்றாலும் நடந்தாலும் ஹீட் ஆனால் தெர்மோஸ்டாட். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிற பழக்கம் இங்கே நிறைய. இருக்கிறதா என்று பாருங்கள்.

திரும்பும்போது அதே தொப்பூரில் இறக்கம். அங்கே நடக்கும் விபத்துகள் எல்லோருக்கும் தெரியும். ஆகவே பிரேக் சோதனையை அதற்கு முன் சமதளத்தில் முடியுங்கள். ஏர் நிரம்பியதும் இன்ஜினை அணைத்து, பிரேக்கை முழுதாக மிதித்தபடி ஒரு நிமிடம் முள்ளைப் பாருங்கள். கண் முன்னே இறங்கினால் இறக்கத்தில் இறங்காதீர்கள்.

கியர் பாக்ஸ், கிரவுன் (பின் ஆக்சில் கியர்) இரண்டிலிருந்தும் ஆயிலை எடுத்து வெயிலில் காட்டுங்கள். மின்னும் தூள் இருந்தால் பேரம். துண்டு துண்டாக வந்தால் வேண்டாம். டிரைலர் உட்காரும் ஃபிஃப்த் வீல் தட்டில் கிங் பின்னை மாட்டி, டிரைலர் பிரேக்கைப் பிடித்து, வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் "டக்" என்று இடிக்கக்கூடாது. அந்தத் தட்டுக்குக் கீழே சேஸில் வெல்டிங் பட்டை இருந்தால் ஏன் என்று கேட்டே ஆகவேண்டும்.

கடைசியாக, சேஸ் நம்பரும் காகிதமும்

சேஸ் நம்பர் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத அரத்தின் கோடுகூடத் தாளில் தெரியும். ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எஃப்.சி. (தகுதிச் சான்று) 8 வருடம் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும். நேஷனல் பெர்மிட்டுக்கு வயது வரம்பு உண்டு: சாதாரண லாரிக்கு 12 வருடம், மல்டி ஆக்சிலுக்கு 15. வெளிமாநில லோடு ஓட்டும் எண்ணம் இருந்தால் இந்தக் கணக்கை முதலில் போடுங்கள். டில்லிப் பக்கம் பழைய பி.எஸ்.3 சரக்கு வண்டிகளுக்குத் தடை இருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓரிரு வருடமே பெர்மிட் மீதி இருக்கும் வண்டியின் விலை, இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும், உள்ளூர் வண்டியின் விலைதான்.

பெயர் மாற்ற 29, 30 படிவங்கள், வேறு ஆர்.டி.ஓ.வுக்குப் போனால் 28. ஆர்.சி.யில் ஹெச்.பி. (ஃபைனான்ஸ் கடன் பதிவு) இருந்தால் 35-ம் படிவமும் ஃபைனான்ஸ்காரரின் என்.ஓ.சி.யும் வேண்டும். பாக்கியை ஓனர் கையில் கொடுக்காமல், அவரையும் அழைத்துக்கொண்டு ஃபைனான்ஸ் ஆபீஸிலேயே கட்டி, வண்டி நம்பர் எழுதிய ரசீதை வாங்குங்கள். என்.ஓ.சி. கைக்கு வரும்வரை அட்வான்ஸுக்கு மேல் ஒரு ரூபாயும் தர வேண்டாம்.